மாரிப் புயற் கணிப்பும் கமக்காரர் கடமையும்

வட்டுக்கோட்டைப் பகுதி நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பயிர்ச்செய்கைக்கு ஆதாரமாய் விளங்குவது மாரி மழையேயாகும். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் ஆகிய மூன்று மாதங்களிலேயே பெய்து முடிகின்றது. வட்டுக்கோட்டை, சங்கரத்தை, சித்தங்கேணி, அராலி ஆகிய ஊர்களின் வயல்கள் இம்மழையை நம்பியே காலபோகத்தில் விதைக்கப்பட்டுத் தை, மாசி மாதங்களில் அறுவடையாகின்றன. தோட்டக் கிணறுகள் ஊறுவதும் இம்மழையினாலேயாம். ஆயினும் மழையைத் தரும் வங்கக் கடலே புயலையும் தருகின்றது. அக்கடலிற் சூறாவளிகள் மிகுதியாகத் தோன்றும் பருவமும் இந்த மூன்று மாதங்களே என்பது கவனிக்கற்பாலது.

அண்மைக் காலத்தில் இப்பருவந்தோறும் ஒரு புதிய குழப்பம் கமக்காரரிடையே தோன்றியுள்ளது. பிறநாட்டுக் கணிப்பு நிலையங்கள் வெளியிடும் நீண்டகால வானிலைப் படங்கள் கைத்தொலைபேசி வழியாக வீடுதோறும் வந்து சேர்கின்றன. "இன்னும் பன்னிரண்டு நாளில் வடகரையைப் பெரும்புயல் தாக்கும்" என்னும் செய்தி ஒருநாள் பரவுகின்றது. இரண்டு நாள் கழிந்தபின் அதே படத்திற் புயலைக் காணோம். மறுநாள் அது சென்னைக்கு நேராகக் காட்சியளிக்கின்றது. இதனைக் கேட்டு அஞ்சி முற்றாத வெங்காயத்தைப் பிடுங்கி விற்று நட்டமடைவோர் ஒருசாரார். பலமுறை ஏமாந்தபின் எவ்வறிவிப்பையும் பொருட்படுத்தாது வாளாவிருந்து, மெய்யாகவே வெள்ளம் வரும்போது பயிரை இழப்போர் மற்றொருசாரார். இவ்விரு நட்டத்தையுந் தவிர்த்தற்கு நீண்டகாலக் கணிப்பு எத்தன்மையது, அதனை எவ்வளவு நம்பலாம், அதற்கேற்ப எவ்வேலையை எந்நாளிற் செய்யலாம் என்பன தெரிந்திருத்தல் வேண்டும்.

முன்னாளும் இந்நாளும்

1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் வங்கக் கடலில் தோன்றிய சூறாவளியை வடபகுதியின் முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அது 22ஆந் திகதி வவுனியாவை அண்டி இலங்கையைக் கடந்து, பாக்கு நீரிணைப் பக்கமாகச் சென்று, அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற புகையிரதம் பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. மன்னார் முதலாக யாழ்ப்பாணம் வரையுள்ள கரையோரங்களும் பெருஞ்சேதமுற்றன. வானிலையைக் கண்காணிக்கும் முதலாவது செயற்கைக்கோள் 1960ஆம் ஆண்டிலேயே ஏவப்பட்டிருந்தமையால், நடுக்கடலிற் புயல் எங்குள்ளது என்பதைத் தொடர்ந்து அறிதல் அக்காலத்தில் அரிதாயிருந்தது. அந்நாளைய மக்களுக்கு அறிவிப்புப் போதாமையே இடராயிற்று.

இன்றோ நிலைமை வேறு. புயல் கருக்கொள்ளுமுன்னரே அதனைப்பற்றிய படங்கள் பத்துப் பதினைந்து வருகின்றன. எது அறிவிப்பு, எது ஊகம் என்று பிரித்தறிதலே இக்காலத்துக் கமக்காரருக்கு வேண்டிய திறமையாகும்.

கணிப்பு உண்டாகும் விதம்

பூமியைச் சூழ்ந்த காற்று மண்டலத்தைக் கணினியானது சிறுசிறு கட்டங்களாகப் பகுத்துக் கொள்கின்றது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள காற்றின் வேகம், வெப்பம், ஈரம், அமுக்கம் ஆகியவற்றை அளவீடுகளைக்கொண்டு நிரப்பி, இயற்பியல் விதிகளின்படி அடுத்த சில நிமிடங்களில் அவை எவ்வாறு மாறும் என்று கணிக்கின்றது. அவ்விடையை வைத்து மேலுஞ் சில நிமிடங்களுக்குக் கணிக்கின்றது. இவ்வாறே படிப்படியாகப் பத்து, பதினைந்து நாட்கள் வரை செல்கின்றது. லூயிஸ் ரிச்சேட்சன் என்னும் ஆங்கில அறிஞர் இம்முறையைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்து 1922இல் நூலாக வெளியிட்டார். ஆறுமணி நேரத்து மாற்றத்தைக் கணிக்க அவருக்குப் பல வாரங்கள் சென்றன. கிடைத்த விடையும் பிழையாயிற்று. 1950இல் அமெரிக்காவில் மின்கணினியின் துணைகொண்டு இம்முறை முதன்முதலாக வெற்றி கண்டது. இன்று இங்கிலாந்தின் றீடிங் நகரிற் கணிப்புப் பணியை நடத்தும் ஐரோப்பிய நடுத்தரகால வானிலை நிலையம் பதினைந்து நாட்களுக்கும், அமெரிக்க அரசின் நிலையம் பதினாறு நாட்களுக்கும் உலகம் முழுவதற்குங் கணிப்பு வெளியிடுகின்றன. கைத்தொலைபேசியிற் காணப்படும் படங்களுட் பெரும்பாலானவை இவ்விரு நிலையங்களின் கணிப்புக்களே.

இக்கணிப்பிற்கு ஓர் எல்லையுண்டு. அதனைத் தெளிவாகக் காட்டியவர் எட்வேட் லோறன்ஸ் என்னும் அமெரிக்க அறிஞராவர். 1961இல் அவர் தமது கணினியில் ஓர் எண்ணை 0.506127 என்று இடவேண்டிய இடத்தில் 0.506 என்று சுருக்கி இட்டார். வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கிற்குங் குறைவே. ஆயினும் சிறிது காலத்துக்கு முன்னைய கணிப்போடு ஒத்துச் சென்ற புதிய கணிப்பு, பின்னர் முற்றிலும் வேறான வானிலையைக் காட்டிற்று. தொடக்கத்தில் உள்ள அணுவளவு பிழையும் நாளடைவில் மலையளவாகும் என்பது இதனாற் பெறப்படும். வங்கக் கடலின் நடுவே காற்றளக்கும் நிலையங்கள் மிகச் சில. செல்லும் கப்பல்களுஞ் சில. ஆதலால் தொடக்க அளவீட்டிற் சிறுபிழைகள் இருந்தே தீரும். அன்றியும் பன்னிரண்டு நாட்களின் பின் தாக்குமென்று காட்டப்படும் புயல் இன்று கடலின்மேல் ஒரு முகிற்கூட்டமாகவேனும் தோன்றியிருப்பதில்லை. நெல் முளைக்குமுன் கதிரின் மணிகளை எண்ணப் புகுவதை இது ஒக்கும்.

இக்குறையை உணர்ந்தே கணிப்பு நிலையங்கள் ஒரு வழியைக் கையாளுகின்றன. தொடக்க அளவீடுகளைச் சிறிதுசிறிது மாற்றி ஒரே நாளிற் பலமுறை கணிக்கின்றன. ஐரோப்பிய நிலையம் இவ்வாறு மாற்றிய கணிப்புக்கள் ஐம்பதையும், மாற்றாத ஒன்றையும் வெளியிடுகின்றது. ஒவ்வொன்றும் புயலின் பாதையை ஒரு கோடாகக் காட்டும். பத்து நாட்களுக்கு அப்பால் அக்கோடுகள் இடியப்பத் தட்டிற் போலச் சிக்கிக் கிடக்கும். அவற்றுட் சில இரங்கூன் நோக்கியும், சில ஆந்திரக் கரை நோக்கியும், சில நமது கரை நோக்கியுஞ் செல்லும். பலவற்றிற் புயலே உண்டாகாது. கைத்தொலைபேசியில் அச்சமூட்டும் படம் பெரும்பாலும் இவற்றுள் ஒரேயொரு கோட்டைத் தனியே எடுத்துக் காட்டுவதாகும். ஐம்பதில் எத்தனை கோடுகள் வடகரையை அண்டி வருகின்றன என்பதே கேட்கவேண்டிய கேள்வியாம்.

அண்மைக்காலப் புயல்கள் தந்த பாடங்கள்

2020ஆம் ஆண்டின் புரெவிச் சூறாவளி நல்லதோர் உதாரணமாகும். அது டிசெம்பர் 2ஆந் திகதி இரவு திருகோணமலை மாவட்டக் கரையைக் கடந்து, மறுநாள் மன்னார் வளைகுடாவை அடைந்தது. அங்கிருந்து பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே தமிழ்நாட்டைக் கடக்குமென எதிர்பார்க்கப்பட்டது. கேரளத்தின் தென்பகுதியிலும் ஆயத்தங்கள் நடந்தன. ஆனால் அது இராமநாதபுரத்துக்கு அண்மையில் ஒரே இடத்தில் நெடுநேரம் நின்று மெலிந்தது. எதிர்பார்த்த காற்று தென்கோடியை அடையவில்லை. பெருமழையோ மையத்துக்கு வெகு வடக்கேயுள்ள சிதம்பரம், கொள்ளிடம் பகுதிகளிற் கொட்டிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வயல்களுந் தோட்டங்களும் நீரில் மூழ்கின. கரையைக் கடப்பதற்கு ஓரிரு நாள் முன்னர்ச் செய்த கணிப்பே இவ்வாறு மாறுமாயின், பன்னிரண்டு நாள் முன்னர் வரும் படத்தின் உறுதி எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2008 நவம்பரில் வந்த நிஷாச் சூறாவளி மற்றொரு பாடத்தைத் தருகின்றது. காற்றின் வலிமையில் அது மிகப் பெரிய புயலன்று. ஆயினும் வட இலங்கையை அண்டி மெல்ல நகர்ந்தமையால் நவம்பர் 25ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் மழை பெய்தது. இதன் அளவைக் கமக்காரர் எளிதில் உணர்தற்கு ஒரு கணக்குப் போதும். ஓர் ஏக்கர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்யுமாயின் விழும் நீர் நாலு லட்சம் லீற்றர். 390 மில்லிமீற்றர் பெய்தால் பதினைந்து லட்சம் லீற்றருக்கு மேலாகும். அவ்வளவு நீரும் செல்வதற்கு வாய்க்கால் இல்லாத வயலிற் பயிர் எவ்வாறு தப்பும்?

2024ஆம் ஆண்டின் ஃபெங்கல் புயல் இன்னுமொன்றைத் தெளிவாக்கிற்று. நவம்பர் 26, 27ஆந் திகதிகளில் அது இலங்கையின் கீழ்க்கரையை அண்டி நகர்ந்தபோது ஆழ்ந்த தாழமுக்கமாகவே இருந்தது. சூறாவளியென்று பெயர் பெற்றது 29ஆந் திகதியிலேயாம்; மறுநாள் அது புதுச்சேரிக்கு அண்மையிற் கரையைக் கடந்தது. பெயர் பெறுமுன்னரே வட, கீழ் மாகாணங்களின் வயல்கள் நீருள் அமிழ்ந்துவிட்டன. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைக் கடந்த டித்வாச் சூறாவளியிலும் காற்றைவிட வெள்ளமும் மண்சரிவுமே பெருந்தொகையான உயிர்களைக் கொண்டன.

இந்தியப் பெருங்கடலின் வடபகுதிக்குரிய வழக்கின்படி, காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கிலோமீற்றர் வரை இருப்பின் தாழமுக்கம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழமுக்கம். 62 கிலோமீற்றரை எட்டியபின்னரே சூறாவளி என்று பெயர் சூட்டப்படும். இப்பெயர்கள் காற்றையே குறிப்பன. மழையின் அளவைக் குறிப்பனவல்ல. ஆகவே "புயலாக மாறவில்லை" என்ற செய்தியைக் கேட்டு வடிகாலைக் கவனியாது விடுதல் பெருந்தவறாகும்.

எத்தனை நாளுக்கு முன் எதனை நம்பலாம்

பதினைந்து நாள் முதல் எட்டு நாள் வரை: இக்கால எல்லையிற் குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட நாள் என்பவற்றை நம்புதல் கூடாது. அடுத்த கிழமை வழமையிலும் மழை கூடுமா, குறையுமா என்ற பொதுப்போக்கை மட்டும் ஏற்கலாம். இந்தியப் பெருங்கடலிலிருந்து கிழக்கு நோக்கி முப்பது முதல் அறுபது நாட்களுக்கொருமுறை மழைமுகிற் பரப்பொன்று நகர்வதை மடன், யூலியன் என்னும் இரு அறிஞர் 1971இல் எடுத்துக் காட்டினர். அப்பரப்பு நமது கடலை அணுகுங்காலத்தில் தாழமுக்கம் தோன்றும் வாய்ப்பு மிகும். நீண்டகாலக் கணிப்பு ஓரளவு திறம்படச் சொல்லக்கூடியது இத்தகைய செய்தியையேயாம்.

ஏழு நாள் முதல் நாலு நாள் வரை: தாழமுக்கம் தோன்றுமா என்பதும், அது செல்லக்கூடிய பொதுத்திசையும் ஓரளவு தெளிவாகும். எனினும் பாதை சில நூறு கிலோமீற்றர் விலகக்கூடும். வட்டுக்கோட்டையிலிருந்து நாகபட்டினம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 115 கிலோமீற்றர். திருகோணமலை ஏறத்தாழ 190 கிலோமீற்றர். ஆகவே ஐந்து நாள் முன்னர் யாழ்ப்பாணத்தை நோக்கிக் காட்டப்படும் கோடு இவ்விரு ஊர்களுள் எதனையும் சென்றடையலாம். அவ்வூர்களை நோக்கிக் காட்டப்படும் கோடு யாழ்ப்பாணத்தையும் வந்தடையலாம்.

மூன்று நாள் முதல் கடைசி நாள் வரை: இப்பொழுது வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பே வழிகாட்டியாகும். இக்கடற் பகுதிச் சூறாவளிகளை உலக வளிமண்டலவியல் அமைப்பின் சார்பிற் கண்காணிக்கும் புதுதில்லி நிலையமும் பாதையை நாள்தோறும் பலமுறை திருத்தி வெளியிடும். இவ்வறிவிப்புக்களுக்கு முரணான தனிப்பட்ட படங்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

படங்களைப் பார்க்க விரும்புவோர் நாளொன்றுக்கு ஒருமுறை பார்த்தாற் போதும். ஐரோப்பிய, அமெரிக்கக் கணிப்புக்கள் இரண்டும் ஒத்துள்ளனவா, மூன்று நாள் தொடர்ந்து கோடுகள் ஒரே பக்கத்திற் குவிந்து வருகின்றனவா என்று நோக்குக. ஒருநாள் தோன்றி மறுநாள் மறைவதைச் செய்தியாகக் கொள்ளற்க.

செலவும் நட்டமும்

புயல் வரும், வராது என்ற உறுதி கிடைக்கும் வரை காத்திருப்பின் வேலை செய்ய நேரம் இராது. உறுதியின்றியே தீர்மானிக்க வேண்டியிருத்தலால் அதற்கோர் எளிய கணக்கைக் கைக்கொள்ளலாம். ஒரு முற்காப்பு வேலைக்கு ஆகும் செலவை, அவ்வேலையாற் காக்கப்படும் பொருளின் மதிப்போடு ஒப்பிடுக. புயல் வரும் வாய்ப்பு அவ்விகிதத்திலும் கூடுமாயின் வேலையைச் செய்தல் இலாபம். குறையுமாயின் பொறுத்திருத்தல் இலாபம்.

விளக்கத்துக்காக இரு உதாரணங்களைக் காண்போம். கத்தரித் தோட்டமொன்றைச் சுற்றி வடிகால் வெட்டக் கூலி 4,000 ரூபா என்றும், அதனாற் காக்கப்படும் பயிர் 80,000 ரூபா பெறுமென்றுங் கொள்வோம். விகிதம் இருபதில் ஒன்று. இனி, முற்றாத வெங்காயத்தை இன்றே பிடுங்கி விற்றால் நிறையிலும் விலையிலும் 60,000 ரூபா குறையுமென்றும், பிடுங்காது விட்டு வெள்ளம் வந்தால் 1,00,000 ரூபா இழக்க நேருமென்றுங் கொள்வோம். விகிதம் ஐந்தில் மூன்று. ஐம்பது கோடுகளுள் ஐந்து மட்டும் வடகரையை அண்டி வருமாயின் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகும். அது இருபதில் ஒன்றிலும் பெரிது. ஆகவே வடிகாலை உடனே வெட்டுதல் தகும். ஐந்தில் மூன்றிலும் மிகச் சிறிது. ஆகவே வெங்காயத்தைப் பிடுங்குதல் தகாது. ஒரே செய்தியைக் கேட்ட ஒருவரே ஒரு வேலையைச் செய்தும் மற்றொன்றைச் செய்யாதும் விடுதல் முரண்பாடன்று. கோடுகளின் எண்ணிக்கை துல்லியமான அளவுகோலன்றாயினும், மலிவான வேலையை முந்தியும் விலைகூடிய வேலையைப் பிந்தியும் செய்க என்னும் முறை இதனாற் புலப்படும். வடிகால் வெட்டியபின் புயல் வராது போயினும் அச்செலவு வீணன்று. மாரி மழைக்கே அது வேண்டியதொன்றாம்.

நாள் வாரியாகச் செய்ய வேண்டுவன

முதற் படி, பதினைந்து நாள் முதல் எட்டு நாள் வரை: புயல் வராவிடினும் பயன்தரும் வேலைகளை மட்டுமே செய்தல் வேண்டும். வயல் வாய்க்கால்களிலுள்ள புல், பொலித்தீன், பனையோலை முதலியவற்றை அகற்றுக. வரம்புகளிலுள்ள எலி வளை, நண்டு வளைகளை அடைத்து, தாழ்ந்த இடங்களுக்கு மண்ணணைத்து உயர்த்துக. மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுமேடைகளை நிலமட்டத்திலிருந்து அரையடியேனும் உயர்த்துக. விதை, உர மூடைகளைத் தரையில் வையாது பலகைமேல் ஏற்றுக. பாகல், புடோல் பந்தற் கால்களை அசைத்துப் பார்த்து உக்கியவற்றை மாற்றுக. நீரிறைக்கும் இயந்திரம் இயங்குகின்றதா என்று பார்த்து வைக்க. பயிர்க் காப்புறுதி பற்றிய விபரங்களைக் கமநல சேவை நிலையத்திற் கேட்டறிக.

இரண்டாம் படி, ஏழு நாள் முதல் நாலு நாள் வரை: ஒத்திவைக்கக் கூடியவற்றை ஒத்திவைக்கும் காலம் இது. யூரியாவை இப்பொழுது இடின் பெருமழையிற் கரைந்து வாய்க்கால் வழியே போய்விடும். மழை ஓயும்வரை பொறுப்பதால் நட்டமில்லை. பூச்சிநாசினி, களைநாசினி தெளித்தலும் அவ்வாறே. வெங்காயம் நடுதலையும் மிளகாய் நாற்றுப் பிடுங்கி நடுதலையும் சில நாள் பிற்போடலாம். தை, மாசியிலாயின் அறுவடை இயந்திரத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தல் நன்று. 2023 பெப்ரவரித் தொடக்கத்தில், அறுவடைப் பருவத்திலேயே, ஒரு தாழமுக்கம் இலங்கையின் கீழ்க்கரையைக் கடந்தது. ஆகையால் மார்கழியோடு இடர் நீங்கிற்று என்று எண்ணற்க.

மூன்றாம் படி, மூன்று நாள் முதல் ஒரு நாள் வரை: உத்தியோக அறிவிப்பு வந்தபின் செலவுள்ள வேலைகளையுஞ் செய்யலாம். கதிரில் நூற்றுக்கு எண்பது முதல் எண்பத்தைந்து வரை மணிகள் பொன்னிறமாகியிருப்பின் நெல்லை அறுத்துவிடுக. பால் பிடிக்கும் பருவத்துப் பயிரை அறுத்தாற் பதரே எஞ்சும். அதனை நிற்கவிட்டு, வயலில் தேங்கிய நீரை வடித்து, வரப்போகும் மழைக்கு இடமுண்டாக்குக. சந்தைக்குரிய பருவமடைந்த கத்தரி, பாகல், புடோல், பயற்றங்காய், பச்சை மிளகாய் ஆகியவற்றைப் பறிக்குக. வாழைகளுக்கு முட்டுக் கொடுத்து, முற்றிய குலைகளை வெட்டுக. தோட்டத்தின் தாழ்ந்த மூலையிற் குழி தோண்டி, நீர் அங்கு சேர்ந்து இறைக்கப்படுமாறு செய்க. நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றடியிலிருந்து அகற்றுக. மாடு, ஆடுகளை மேட்டு நிலத்துக்குக் கொண்டு செல்க. வெள்ளம் ஏறக்கூடிய இடத்தில் கட்டி வைத்தல் ஆகாது.

புயல் வீசும் வேளையில் வயலுக்குஞ் சென்று பார்க்கற்க. மையம் மேலாகச் செல்லுமாயின் காற்று திடீரென ஓயும். அது புயல் நீங்கிய அடையாளமன்று. சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மீண்டுங் காற்று மூண்டெழும். வரம்பு பார்க்கவென அவ்வேளையில் வெளியே செல்லுதல் உயிருக்கு இடராகும்.

வழுக்கியாறும் கடனீரேரியும்

இப்பகுதிக்குச் சிறப்பாகவுள்ள ஓர் இடர் தனியே கூறற்பாலது. குடாநாட்டின் ஒரே ஆறென வழங்கும் வழுக்கியாறு தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் முதலிய ஊர்களின் வயல்களினூடாக வந்து அராலியிற் கடனீரேரியோடு கலக்கின்றது. மாரியில் மட்டும் ஓடும் இவ்வாற்றின் கடைசிப் பகுதி நமது வயல்களை அடுத்துள்ளது. மேற்புறத்து ஊர்களிற் பெய்த மழையெல்லாம் இவ்வழியாகவே வந்து சேர்தலால், இங்கு மழை விட்டபின்னரும் நீர் ஏறக்கூடும். வாய்க்காலை ஒருவர் மட்டும் துப்புரவாக்கிக் கீழ்ப்புறத்தார் அடைத்து வைப்பின் பயனில்லை. ஆதலால் கமக்காரர் அமைப்பு மூலம் ஒரே கிழமையில் எல்லோரும் சேர்ந்து வேலை செய்தல் வேண்டும்.

கடனீரேரி ஆழமற்றது. தெற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வன்காற்று வீசுமாயின் உவர்நீர் அராலிக் கரைப்பக்கம் தள்ளப்பட்டுத் தாழ்ந்த வயல்களில் ஏறலாம். அக்காற்று எப்போது வருமென்பதை மையத்தின் இடத்தைக்கொண்டு ஊகிக்கலாம். இவ்வரைக்கோளத்தில் புயற்காற்று மையத்தை இடஞ்சுழியாகச் சுற்றுகின்றது. மையம் நமக்குத் தெற்கே செல்லின் கொண்டற் காற்றும், வடக்கே செல்லின் மேற்கிலிருந்து வரும் கச்சானும் வீசும். ஒருவர் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பாராயின், மையம் ஏறத்தாழ அவரது இடக்கைப் பக்கத்தில் இருக்கும். பைஸ் பலொட் என்னும் ஒல்லாந்த அறிஞர் 1857இல் வெளியிட்ட இவ்விதி, மின்சாரமுந் தொலைபேசியும் அற்றுப்போன வேளையிலும் பயன்படும். வாடைக் காற்று மேற்காகித் தென்மேற்காகத் திரும்புவதைக் காண்போர் கடனீரேரிக் கரையிலுள்ள வயலார்க்கு அதனை அறிவித்தல் நன்று.

புயல் நீங்கிய பின்

வயலில் நின்ற நீரை இயன்ற விரைவில் வடிக்க வேண்டும். நெற்பயிர் தலை மூழ்கி ஓரிரு நாள் இருப்பின் பெரும்பாலும் தப்பும். ஒரு கிழமைக்கு மேல் மூழ்கியிருப்பின் பல இனங்கள் அழிந்துவிடும். நீர் வடிந்தவுடன் யூரியா இடுதல் கூடாது. புதிய இலை தோன்றியபின், திணைக்களம் விதந்துரைத்த அளவில் இடுக. உவர்நீர் ஏறிய வயலில் அதனை உடனே வெளியேற்றி, அடுத்துப் பெய்யும் மழைநீரைத் தேக்கி வடித்து உப்பைக் கழுவுக. அறுத்த ஈர நெல்லைக் குவித்து வைப்பின் சூடேறி முளைத்துவிடும். பரப்பி உலர்த்தி, ஈரத்தை நூற்றுக்குப் பதினான்கு பங்களவுக்குக் குறைத்தபின்னரே மூடையிலிடுக. வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களில் மண் சிறிது உலர்ந்ததும் மெல்லக் கொத்தி வேருக்குக் காற்றோட்டமளிக்க. அழுகிய செடிகளைப் பிடுங்கி எரிக்க. நோய் கண்டவிடத்து மருந்தைத் தாமாகத் தெரிவுசெய்யாது விவசாயப் போதனாசிரியரைக் கேட்டறிக. சேதத்தைத் துப்புரவு செய்யுமுன் படமெடுத்து, கிராம அலுவலருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் தாமதியாது தெரிவிக்க.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்னும் இலக்கத்திலும், விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவையை 1920 என்னும் இலக்கத்திலும் அழைத்து விபரம் பெறலாம். இவ்வாண்டு மாரி தொடங்குமுன் ஒவ்வொரு கமக்காரரும் தமது வயலுக்குந் தோட்டத்துக்கும் உரிய வேலைகளை மேற்கூறிய மூன்று படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆகுஞ் செலவையும் அதனாற் காக்கப்படும் பொருளையும் ஒரு தாளில் எழுதி வைப்பாராக. பின்னர்க் கைத்தொலைபேசியிற் புயற்படம் வருமாயின், அத்தாளை எடுத்து, எத்தனை நாள் உள்ளன, எந்தப் படியின் வேலைக்கு நேரம் வந்துள்ளது என்று பார்த்துச் செய்வாராக.